கிராஸ் தேடுதளம்: முடிக் கிளிப்புக்குக் கோடு தேட உதவுமா?

அமெரிக்காவுக்கு அனுப்புவது பிளாஸ்டிக் பொருள் என்றாலே இன்வாய்ஸில் சுங்கத் தீர்வைக் கோடு (code) 3926, அதாவது ‘இதர பிளாஸ்டிக் பொருள்கள்’, என்று எழுதிவிடுவது பழகிப்போன தவறு. தீர்வை அட்டவணையில் பிளாஸ்டிக்குக்கான 39-ஆம் அத்தியாயத்தின் 2-ஆம் குறிப்பே 96-ஆம் அத்தியாயப் பொருள்களை வெளியே தள்ளிவிடுகிறது. சீப்பும் முடிக் கிளிப்பும் போகவேண்டிய இடம் 9615. பிளாஸ்டிக்கில் செய்தவை 9615.11. அங்கிருந்து மேலே எட்டு இலக்கத்துக்குப் போகும்போதுதான் அமெரிக்கச் சுங்கத் துறையின் ‘கிராஸ்’ (CROSS) தேடுதளம் கைகொடுக்கிறது. 1989 முதல் அத்துறை எழுதிய ரூலிங் கடிதங்களை (எந்தப் பொருளுக்கு எந்தக் கோடு என்று கேட்டவருக்குத் தரும் எழுத்துப்பூர்வ முடிவுகளை) அதில் இலவசமாகப் படிக்கலாம்.

தேடுவதற்கு ஒரு சூட்சுமம் உண்டு. தீர்வை அட்டவணை ‘ஹேர் ஸ்லைடு’ என்கிறது. கடிதங்களிலோ ‘பாரெட்’, ‘ஜா கிளிப்’, ‘போனிடெயில் ஹோல்டர்’ என்று ஆளுக்கொரு பெயர். பெயரைப் போட்டால் பாதிதான் சிக்கும். கோடு எண்ணையே போட்டுத் தேடி, புதியது முதலில் வரும்படி வரிசைப்படுத்துங்கள். திறந்ததும் முதலில் பார்க்கவேண்டியது, அந்தக் கடிதம் ரத்தாகியிருக்கிறதா, திருத்தப்பட்டிருக்கிறதா என்பது.

கடிதத்தில் கோடு எண்ணை விடப் பொருள் விவரிப்புப் பத்திதான் முக்கியம். ஒரே அச்சில் வார்த்த இரண்டு கிளிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். செயற்கை முத்தோ கல்லோ பதிக்காதது 9615.11.40, பொது விகிதம் 5.3 சதவீதம். பதித்தது 9615.11.50, தீர்வையே இல்லை. அலங்காரம் கூடினால் வரி குறைகிறது! (பூர்வீக நாட்டைப் பொறுத்த கூடுதல் தீர்வை 99-ஆம் அத்தியாயத்தில் தனிக்கணக்கு.) கல் பதித்ததாலேயே அது 7117 கவரிங் நகை ஆகிவிடாது, 71-ஆம் அத்தியாயக் குறிப்பு முடிக் கிளிப்பையும் கொண்டை ஊசியையும் பெயர் சொல்லியே விலக்குகிறது.

தலைப்பட்டையில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். விறைப்பான பிளாஸ்டிக் வளைவு 9615. துணியாலான பட்டை அங்கே நுழையாது. பின்னலாடைத் துணி என்றால் 6117, நெய்த துணி என்றால் 6217. பிளாஸ்டிக் மேல் துணி சுற்றியிருந்தால் எது அடிப்படைத் தன்மையைத் தருகிறது என்று வகைப்படுத்தலுக்கான 3(ஆ) பொதுவிதிப்படி வாதாட வேண்டும். கிளிப்பும் ஸ்க்ரஞ்சியும் (துணி சுற்றிய முடி ரப்பர்) ஒரே அட்டையில் வந்தால், இரண்டும் சேர்ந்து ஒரே கோடு பெறும் ‘சில்லறைத் தொகுப்பா’ என்ற கேள்வியும் சேர்ந்துகொள்ளும்.

தளத்தின் பெரிய குறை, பெரும்பாலான கடிதங்களில் படம் இல்லாதது. ‘சுமார் 3 அங்குலம், பட்டாம்பூச்சி வடிவம்’ என்ற வரியை வைத்துக்கொண்டு நம் சரக்கோடு ஒப்பிடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு முடி பின்னுவது மாதிரி. இன்னொன்று, பழைய கடிதங்களில் உள்ள விகிதம் அன்றைய விகிதம். நடப்பு அட்டவணையில் சரிபார்க்காமல் விலை போடாதீர்கள்.

அடுத்தவர் பெற்ற கடிதம் உங்கள் சரக்குக்குக் கவசம் ஆகாது. அதில் விவரித்த பரிவர்த்தனைக்குத்தான் அது செல்லும். பெரிய ஆர்டர் என்றால் இணையவழியிலேயே உங்கள் பெயரில் ரூலிங் கேட்டுவிடுங்கள். ஒரு விண்ணப்பத்தில் ஒரே வகைப் பொருள் ஐந்து வரை சேர்க்கலாம். பதில் பெரும்பாலும் 30 நாளில் வரும். ஒவ்வொரு பாகத்தின் பொருள், எடை, மதிப்பு, கல் ஒட்டியதா பதித்ததா என்பதை எழுதுங்கள். மாதிரி கேட்பார்கள் என்று தோன்றினால் ஆரம்பத்திலேயே தபாலில் விண்ணப்பிப்பது நல்லது.