மது எச்சரிக்கை விளம்பரங்கள்: பயம் காட்டியாச்சு, வழி எங்கே?

சீரியல் இடைவேளையில் வரும் மது எச்சரிக்கை விளம்பரங்களுக்கு ஒரு வார்ப்பு உண்டு. ரத்த வாந்தி, தலையில் அடித்து அழும் மனைவி, மூலையில் ஒடுங்கிய பிள்ளை, கடைசியில் சுவரில் மாலை போட்ட படம். பிறகு திரை கறுத்து, ‘குடி குடியைக் கெடுக்கும்’ என்ற வரி. திருநெல்வேலிச் சீமை வீடுகளில் இந்த வகை விளம்பரம் என்ன வேலை செய்கிறது, எங்கே கோட்டை விடுகிறது என்பதைப் பற்றியே இந்த மதிப்பீடு.

முதல் கோளாறு நேரத்தில். டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு அடைக்கும். இரவு எட்டு மணிக்கு டி.வி. முன்னால் இருப்பவர்கள் பெண்களும் பிள்ளைகளும் வயசாளிகளும்தான். குடிக்கிறவர் அப்போது வீட்டில் இருப்பதில்லை. ஏற்கெனவே பயந்து கிடக்கிறவர்களையே விளம்பரம் மறுபடி பயமுறுத்துகிறது. அப்பா அடிக்கும் காட்சியைப் பார்க்கும் பிள்ளைக்கு அது புதிய செய்தியே இல்லை. அந்தப் பிள்ளை கூப்பிட 1098, அம்மா கூப்பிட 181 என்று இரண்டு உதவி எண்களைத் திரையில் போட்டிருந்தாலாவது உபயோகம். பெரும்பாலும் அதையும் காணோம்.

குடிக்கிறவர் பார்க்க நேர்ந்தால் வரும் பதில் இரண்டு. ஒன்று, “ஏல, சேனல மாத்து.” இன்னொன்று, டீக்கடை பெஞ்சில் சாதாரணமாகக் கேட்கிற, “நாம அந்த அளவுக்குப் போகலல்லா.” இரண்டாவதுதான் ஆபத்து. தெருவில் விழுந்து கிடப்பவனை மட்டுமே குடிகாரனாகக் காட்டினால், தினம் ஒரு குவார்ட்டர் போட்டுவிட்டு ஒழுங்காக வேலைக்குப் போகிறவர் தன்னைக் கணக்கில் சேர்க்க மாட்டார். பயம் மிஞ்சினால் மனசு கதவைச் சாத்திக்கொள்ளும் என்பது பழைய கண்டுபிடிப்பு. 1953-இல் ஜானிஸ், ஃபெஷ்பாக் என்ற இரு உளவியலாளர்கள் பள்ளி மாணவர்களிடம் பல் பராமரிப்பு பற்றிப் பேசிச் சோதித்தார்கள். மிகக் கோரமான படங்களோடு சொல்லப்பட்டவர்களைவிட, மிதமாகச் சொல்லப்பட்டவர்களே சொன்னதைக் கேட்டு நடந்தார்கள்.

அந்தக் குவார்ட்டருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 180 மில்லி, 42.8 சதவீதம் என்றால் அதில் சுத்த ஆல்கஹால் 77 மில்லி, எடையில் சுமார் 61 கிராம். 10 கிராமை ஓர் அளவாக வைத்துக்கொண்டால் ஆறு அளவு. “பீர்தான அண்ணாச்சி” என்பவருக்கும் கணக்கு உண்டு: 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் சுமார் 41 கிராம், அதாவது நான்கு அளவுக்குச் சற்று மேல். கறுப்புத் திரைக்குப் பதிலாக இந்த இரண்டு பாட்டில்களையும் பக்கத்தில் எண்ணையும் காட்டினால், “நாம அப்படி இல்லல்லா” என்று நழுவ இடம் இருக்காது.

ஆஸ்திரேலியாவில் 2010-இல் வந்த ‘ஸ்ப்ரெட்’ என்ற விளம்பரம் இந்த வழியில் போனது. அதில் அடிதடியோ பிணமோ இல்லை. குடித்தது ரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் பரவிப் புற்றுநோய்க்கு எப்படி இடம் கொடுக்கிறது என்று நிதானமாக விளக்கும். 83 மது எச்சரிக்கை விளம்பரங்களை ஆட்களிடம் காட்டி ஒப்பிட்டு, 2017-இல் வெளிவந்த ஆய்வில், குடியைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணத்தை அதிகம் தூண்டியது இதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மதுவை, புற்றுநோய் தருவது உறுதி என்ற முதல் பிரிவில் வைத்தது 1988-இல். இன்றும் இதைச் சொன்னால், “ஈரல்தான கெடும்?” என்று ஆச்சரியப்படுகிறவர்களே நம் பக்கம் அதிகம்.

இந்த விளம்பரங்களின் பெரிய குறை, “உடனே நிறுத்து” என்று சொல்லிவிட்டுப் போவது. பல வருஷம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். ஊரில் இது அடிக்கடி நேர்வது இரண்டு சமயங்களில்: கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போடும்போது, கோயில் கொடைக்குக் காப்புக் கட்டும்போது. நல்ல எண்ணத்தில்தான் நிறுத்துகிறார்கள். கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து கை நடுக்கம், வியர்வை, குமட்டல், தூக்கமின்மை தொடங்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கு மேல் சிலருக்குப் பிதற்றல், இல்லாத பூச்சியைத் தட்டிவிடுவது, ஆள் அடையாளம் தெரியாமல் போவது. இதைச் சாமி வந்ததென்றும் பேய் பிடித்ததென்றும் எடுத்துக்கொண்டு விபூதி போடக் கூட்டிப்போவதில் வீணாகும் ஒரு ராத்திரியில் ஆளையே இழக்கலாம்.

இன்னொரு தவறு, “ஒரு குளுக்கோஸ் ஏத்துனா தெளிஞ்சிரும்” என்பது. நாள்பட்ட குடியில் தயமின் என்ற பி1 வைட்டமின் உடம்பில் வற்றியிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், இருக்கிற கொஞ்சமும் தீர்ந்து மூளை பாதிக்கப்படலாம். கண் ஒழுங்காக அசையாது, நடை தள்ளாடும், குழப்பம் வரும். ஆகவே வழக்கமாகத் தயமின் ஊசிக்குப் பிறகுதான் குளுக்கோஸ். சொட்டு மருந்து போடும் இடத்தில், “இவர் தினமும் குடிக்கிறவர்” என்று வீட்டார் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கௌரவம் பார்த்து மறைக்கக் கூடாது.

பயந்துபோன பெண்களைக் குறிவைத்து, ‘அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்’ என்று மருந்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். குடியை வெறுக்க வைக்கப் பயன்படும் டைசல்ஃபிராம் மாத்திரை மருத்துவர் சீட்டில், நோயாளியின் சம்மதத்தோடு, அவருக்கு விளக்கிச் சொல்லிக் கொடுக்க வேண்டியது. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கும். இதய நோய் இருந்தால் உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்தியும் இரண்டு வாரம் வரை அதன் வேகம் இருக்கும். என்ன கலந்திருக்கிறது என்றே தெரியாத பொடியை ரசத்தில் போடுவது எந்த வகையிலும் வைத்தியம் ஆகாது. எச்சரிக்கை விளம்பரம் வழி சொல்லாமல் விட்ட இடத்தில்தான் இந்த வியாபாரம் புகுந்துகொள்கிறது.

ஆகவே இப்போதைய வார்ப்புக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண். அந்த இரண்டும், வீட்டுக்குள் பேசக் கூசிய விஷயத்தைக் கூடத்தில் நான்கு பேர் முன்னால் பேச வைத்ததற்கு. காட்சியை அப்படியே வைத்துக்கொண்டாலும் கடைசிப் பத்து நொடியை மாற்றினால் மதிப்பெண் ஏறும். மனநல உதவிக்கு 14416, போதை மீட்பு உதவிக்கு 14446: இரண்டையும் பெரிய எழுத்தில் நிறுத்தி, குரலிலும் இருமுறை சொல்ல வேண்டும். ஒளிபரப்பைக் காலை ஆறிலிருந்து எட்டுக்குள் மாற்ற வேண்டும். அப்போதுதான் கை நடுங்க எழுந்து, இன்றைக்கு வேண்டாம் என்று நினைக்கிற ஆள் வீட்டில் இருப்பார். கடை திறக்க இன்னும் நாலு மணி நேரம் இருக்கும்.

அந்த நாலு மணி நேரத்தில் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போகலாம். போகும்போது சொல்ல வேண்டியவை: கடைசியாகக் குடித்த நேரம், ஒரு நாளைக்கு எவ்வளவு, முன்பு நிறுத்தியபோது வலிப்போ பிதற்றலோ வந்ததா, மஞ்சள்காமாலை இருந்ததா, சுகருக்கோ பிரஷருக்கோ என்ன மாத்திரை எடுக்கிறார். ஈரல் கெட்டிருந்தால் நடுக்கத்துக்குக் கொடுக்கும் மருந்தே மாறும் என்பதால் காமாலை பற்றி மருத்துவர் கேட்காமலே முதலில் சொல்லிவிடுங்கள். வழியிலேயே வலிப்பு வந்தால் வாயில் எதையும் திணிக்காமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.