கொரோனிஸா, இயோஸா, தெமிஸா? சிறுகோள் பட்டையின் வெளிப்புறத்துக்கு ஒரே ஒரு விண்கலம் என்றால்

சிறுகோள் பட்டையின் வெளிப்புறத்துக்கு ஒரே ஒரு விண்கலம் அனுப்பத்தான் பணம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எங்கே அனுப்புவது? என் பட்டியலில் மூன்று பெயர்கள்: கொரோனிஸ், இயோஸ், தெமிஸ். மூன்றும் தனித்தனிச் சிறுகோள்கள். ஒவ்வொன்றின் பெயரிலும் ஆயிரக்கணக்கான துண்டுகள் கொண்ட ஒரு குடும்பமும் உண்டு.

இந்தக் குடும்பங்களை முதலில் கண்டுகொண்டவர் ஜப்பானிய வானியலாளர் கியோட்சுகு ஹிராயாமா. 1918-இல் அவர் கையில் இருந்தவை சில நூறு சிறுகோள்களின் பாதைக் கணக்குகள் மட்டுமே. சூரியனிலிருந்து சராசரித் தூரம், பாதையின் நீட்சி, சாய்வு ஆகிய மூன்றிலும் நெருங்கிப்போகிற கூட்டங்கள் இருப்பதைப் பார்த்தார். ஒவ்வொரு கூட்டமும் எப்போதோ மோதி உடைந்த ஒரு தாய்ச் சிறுகோளின் சிதறல் என்றார். அவர் முதலில் காட்டிய மூன்று குடும்பங்களும் இவைதான். நிறமாலை (வரும் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து அளப்பது) எடுக்க வசதியில்லாத காலத்தில், வெறும் எண்களை வைத்தே இதைச் சொன்னார் என்பதை இன்றும் வியக்காமல் இருக்க முடியவில்லை.

வெளிப்பட்டை என்பது சுமார் 2.82 வானியல் அலகிலிருந்து 3.28 வரை. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம் ஒரு அலகு. பட்டையின் உட்புறம் கல் வகைச் சிறுகோள்களின் இடம், வெளிப்புறம் கார்பன் செறிந்த கறுத்த சிறுகோள்களின் இடம் என்பது பொதுவிதி. தெமிஸ் (3.13 அலகு) இந்த விதிக்கு அடங்குகிறது. சுமார் 200 கி.மீ. விட்டம்; தன்மேல் விழும் ஒளியில் பதினைந்தில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்பும். கொரோனிஸ் (2.87 அலகு) விதியை மீறுகிறது. 35 கி.மீ. அளவுள்ள சின்ன உருவம்தான், ஆனால் அசல் கல் வகை. ஒளியில் கால் பங்கு வரை திருப்பிவிடும். நடுவில் இருக்கும் இயோஸ் (3.01 அலகு, சுமார் 100 கி.மீ.) வெளிச்சத்திலும் நடுவில்தான். கல் என்று ஒரு காலத்தில் சேர்த்தார்கள், அப்புறம் தனி வகுப்பு கொடுத்தார்கள்.

கொரோனிஸ்: கேட்காமலே வரும் கல்

கொரோனிஸ் குடும்பத்துக்கு மற்ற இரண்டுக்கும் கிடைக்காத ஒரு பேறு ஏற்கெனவே கிடைத்துவிட்டது. 1993 ஆகஸ்ட் 28 அன்று, வியாழனுக்குப் போய்க்கொண்டிருந்த கலிலியோ விண்கலம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஐடாவைச் சுமார் 2,400 கி.மீ. தொலைவில் கடந்தது. வேகம் நொடிக்கு 12.4 கி.மீ. கலிலியோவின் பெரிய அலைவாங்கி விரியாமல் போயிருந்ததால் படங்கள் சொட்டுச் சொட்டாகத்தான் பூமிக்கு வந்தன. 1994 பிப்ரவரியில் அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஆன் ஹார்ச், ஐடாவுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளியைக் கவனித்தார். அதுதான் டாக்டில், சுமார் 1.4 கி.மீ. அகலமுள்ள நிலா. சிறுகோளுக்கும் நிலா இருக்கலாம் என்பதற்குக் கிடைத்த முதல் உறுதியான சான்று அது. நிலா இருந்தால், அது சுற்றும் விதத்தை வைத்துச் சிறுகோளின் எடை தெரியும். ஐடாவின் அடர்த்தி தண்ணீரைப்போல் ஏறக்குறைய 2.6 மடங்கு என்று கணக்கு வந்தது.

அதைவிடப் பெரிய பலன் நிறத்தில் கிடைத்தது. பூமியில் விழும் விண்கற்களில் மிகப் பெரும்பாலானவை சாதாரண கான்ட்ரைட் எனப்படும் கற்கள். அவற்றைத் தரக்கூடிய அளவுக்கு ஏராளமாக இருப்பவை கல் வகைச் சிறுகோள்கள். ஆனால் இரண்டின் நிறமாலையும் பொருந்தவில்லை. சிறுகோள்கள் கூடுதலாகச் சிவந்திருந்தன. பல பத்தாண்டுகள் நீடித்த சண்டை இது. ஐடாவில் புதிதாகத் தோண்டப்பட்ட பள்ளங்கள் சுற்றியுள்ள பழைய தரையைவிடக் குறைவாகச் சிவந்திருந்ததைக் கலிலியோ காட்டியது. சூரியக் காற்றும் நுண்துகள் மோதலும் மேற்பரப்பை நாளடைவில் நிறம் மாற்றுகின்றன, உள்ளே இருப்பது அதே கல்தான் என்ற பக்கம் தராசு சாய்ந்தது. 2010-இல் ஜப்பானின் ஹயாபுசா விண்கலம் இட்டோகாவா என்ற கல் வகைச் சிறுகோளிலிருந்து கொண்டுவந்த துகள்கள் அந்த வழக்கை முடித்துவைத்தன. (இட்டோகாவா கொரோனிஸ் குடும்பம் அல்ல; பூமிக்குப் பக்கத்தில் திரியும் சிறுகோள்.)

சுழற்சி விஷயத்திலும் கொரோனிஸ் ஒரு விசித்திரம். மோதிச் சிதறிய துண்டுகள் தாறுமாறான திசைகளில் அல்லவா சுழல வேண்டும்? 2002-இல் ஸ்டீபன் ஸ்லிவன் அளந்து பார்த்தபோது, இந்தக் குடும்பத்தின் பெரிய துண்டுகளின் அச்சுகள் இரண்டு குழுக்களாக ஒன்றுசேர்ந்திருந்தன. ஒரே திசையில் சுழல்பவற்றில் பலவற்றுக்குச் சுழற்சிக் காலமும் கிட்டத்தட்ட ஒன்றே. அடுத்த ஆண்டே டேவிட் வொக்ரூலிக்கி, டேவிட் நெஸ்வோர்னி, வில்லியம் பாட்கி மூவரும் விடை சொன்னார்கள்: சூரிய ஒளியை உறிஞ்சி வெப்பமாகத் திருப்பி விடும்போது கிடைக்கும் மெல்லிய முறுக்கு விசை, கோடிக்கணக்கான ஆண்டுகளில் அச்சைத் திருப்பிவிடுகிறது, சனியின் பாதை அசைவோடு ஏற்படும் ஒத்ததிர்வு (இரண்டு அசைவுகளின் தாளம் ஒன்றிப்போவது) அதைப் பிடித்துவைக்கிறது. 35 கி.மீ. அகலமுள்ள பாறையை வெயில் திருப்புகிறது என்பதை முதல் தடவை படித்தபோது நான் நம்பவில்லை. கணக்கு என்னவோ சரியாகத்தான் இருக்கிறது.

அப்புறம் 2024. நேச்சர் இதழில் வெளியான ஆய்வுகள் பூமியில் விழும் விண்கற்களில் சுமார் 70 விழுக்காடு மூன்றே இளம் குடும்பங்களிலிருந்து வருவதாகச் சொல்லின. அவற்றில் இரண்டு கொரோனிஸுக்குள்ளேயே பிறந்தவை. ஒன்று காரின், 58 லட்சம் ஆண்டுகளுக்கு முன் உடைந்த துண்டு. இன்னொன்றுக்குக் கொரோனிஸ்-2 என்றே பெயர். 76 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கொரோனிஸ்மேல் விழுந்த அடியில் பறந்த சிதறல். (மூன்றாவதான மசாலியா பட்டையின் உட்பகுதியில் இருப்பது.) ஏன் இளம் குடும்பங்கள்? பழைய குடும்பங்களில் ஒரு மீட்டர் அளவுக் கற்கள் இந்நேரம் அரைபட்டும் விலகியும் போயிருக்கும். புதிய உடைசலில் அவை இன்னும் கொட்டிக்கிடக்கின்றன. கொரோனிஸுக்கு இன்னொரு வசதி, பக்கத்திலேயே 2.82 அலகில் வியாழனின் 5:2 ஒத்ததிர்வு இருக்கிறது; வியாழன் இரண்டு சுற்று முடிக்கும்போது அங்கே இருப்பது ஐந்து சுற்று முடிக்கும். அதில் நழுவி விழும் கல்லின் பாதை நீண்டு, பூமியின் பாதையைக் குறுக்கே வெட்டத் தொடங்கும்.

விண்கற்களில் மூன்றில் ஒரு பங்கான எச் வகைக் கான்ட்ரைட்டுகள் (சாதாரண கான்ட்ரைட்டுகளில் இரும்பு அதிகமுள்ளவை) இந்த வழியாகத்தான் வருகின்றன என்பது வாதம். அவற்றில் பல, விண்வெளிக் கதிர்பட்டுக் கிடந்த காலம் 70-80 லட்சம் ஆண்டுகள் என்று ஆய்வகங்களில் வெகு காலத்துக்கு முன்பே அளந்துவைத்திருந்தார்கள். அந்தக் கணக்கு கொரோனிஸ்-2இன் வயதோடு போய்ப் பொருந்துகிறது. 1886-இல் அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில் நம்மியந்தலில் விழுந்த விண்கல்லும் எச் வகைதான். அது எந்த உடைசலிலிருந்து வந்தது என்று தனியாகச் சொல்ல வழியில்லை என்றாலும், இந்த வகையின் முகவரி கொரோனிஸ் பக்கம் நகர்ந்துவிட்டது. அதுவரை பலரும் கைகாட்டிவந்தது ஹீபி என்ற சிறுகோளை.

இவ்வளவும் நிறமாலைப் பொருத்தமும் பாதைக் கணக்கும் சேர்ந்து சொல்லும் சேதி. கொரோனிஸில் இறங்கி யாரும் கல் எடுத்துவரவில்லை. ஆனாலும் விண்கலம் அனுப்ப மூன்றில் ஒன்று என்று கேட்டால், அதன் கல் தானாகவே பூமிக்கு வருகிறது என்பதே எனக்குக் கொரோனிஸுக்கு எதிரான காரணமாகப் படுகிறது. வீட்டு வாசலில் காய்கறி வண்டி வந்து நிற்கும்போது கோயம்பேட்டுக்கு யாராவது போவார்களா?

தெமிஸ்: தண்ணீர் உண்டு, ஆனால்

கூட்டத்தில் கைதூக்கச் சொன்னால் தெமிஸ்தான் ஜெயிக்கும். காரணம் தண்ணீர். ஹவாயின் மௌன கேயாவில் உள்ள நாசாவின் அகச்சிவப்புத் தொலைநோக்கியில் பார்த்த இரண்டு குழுக்கள், தெமிஸின் மேற்பரப்பில் உறைபனியும் கரிமச் சேர்மங்களும் இருப்பதாக 2010-இல் அறிவித்தன. சூரியனிலிருந்து அந்தத் தூரத்தில் வெளியே கிடக்கும் பனி நிலைக்காது. உள்ளிருந்து யாரோ நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கோதைட் என்ற இரும்புக் கனிமமும் அதே மாதிரித் தடயத்தைத் தரும் என்று உடனே மறுப்பும் வந்தது.

இதே குடும்பத்தில்தான் வால் முளைக்கும் சிறுகோள்கள் இருக்கின்றன. 133பி எல்ஸ்ட்-பிசாரோவுக்கு 1996-இல் வால் தெரிந்தது; பின்பு சூரியனுக்கு அருகில் வரும் ஒவ்வொரு சுற்றிலும் திரும்பத் தெரிந்தது. வெளிப்பட்டையிலேயே இருக்கும், ஆனால் இந்தக் குடும்பம்தானா என்று உறுதியாகாத 238பி ரீடைச் சுற்றி நீராவி இருப்பதை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2023-இல் காட்டியது. வால்மீன்களில் வழக்கமாக இருக்கும் கார்பன் டை ஆக்சைடைக் காணவில்லை என்பது அதில் இன்னொரு புதிர்.

சரி, அப்படியானால் தெமிஸ்தானே? எனக்குத் தயக்கம் இங்கேதான். கேள்வி தண்ணீர் என்றால் போகவேண்டிய இடம் 200 கி.மீ. தெமிஸ் அல்ல, ஒரு சில கி.மீ. அளவுள்ள 133பி. அதுவும் ஐந்தரை ஆண்டுச் சுற்றில் சில மாதங்கள்தான் கண்விழிக்கும். அந்த நேரம் பார்த்துப் போய், கூடவே தங்கி, வாயுவை முகர்ந்து பார்க்கும் கருவியோடு இருக்க வேண்டும். காஸ்டாலியா என்ற பெயரில் ஐரோப்பியர்கள் முன்வைத்த திட்டம் இதுதான், தேர்வாகவில்லை. நல்ல திட்டம், ஆனால் நம் கற்பனைப் பணப்பைக்குக் கனமானது. தவிர, நீர் ஊறிய கார்பன் கனிமங்களைப் பற்றிய கேள்விகளில் ஒரு பகுதிக்கு ரியுகு, பென்னு என்ற சிறுகோள்களிலிருந்து கொண்டுவந்த மாதிரிகள் 2020-லிருந்தும் 2023-லிருந்தும் ஆய்வகங்களில் விடை சொல்லத் தொடங்கிவிட்டன.

இயோஸ்: பொருத்தம் கிடைக்காத கல்

1882-இல் வியன்னாவில் யோஹான் பாலிசா கண்டுபிடித்தது இயோஸ். இரண்டு ஆண்டு கழித்து ஐடாவைக் கண்டுபிடித்தவரும் அவரேதான். ஐடாவுக்குப் படம் கிடைத்தது; இயோஸ் குடும்பத்தில் ஒன்றின் பக்கத்தில்கூட இதுவரை எந்த விண்கலமும் போகவில்லை.

இயோஸ் குடும்பத்தின் நிறமாலையில் கல் வகைக்கு உரிய ஆலிவின், பைராக்சீன் என்ற கனிமங்கள் ஒளியை உறிஞ்சுவதால் வரும் பள்ளம் இருக்கிறது, ஆனால் ஆழமில்லை. அதனால் 1988-இல் இவற்றைக் கல் வகையிலிருந்து பிரித்துக் 'கே' என்று தனி வகுப்பு கொடுத்தார்கள். பிரித்தபின் சிக்கல் கூடியது. ஒரு தரப்பு இவற்றைச் சிவி, சிஓ எனப்படும் கார்பன் கான்ட்ரைட்டுகளோடு பொருத்துகிறது. 1969-இல் மெக்சிகோவில் டன் கணக்கில் விழுந்த அயேந்தே இந்தச் சிவி வகைதான். ஒருபோதும் உருகாத ஆதிக் கல். இன்னொரு தரப்போ, குடும்பத்தில் சில துண்டுகளில் ஆலிவின் அதிகமாகத் தெரிவதைக் காட்டி, தாய்ச் சிறுகோளின் உட்புறம் ஓரளவு உருகிப் பிரிந்திருந்தது என்கிறது. உருகியதா, உருகவே இல்லையா? இதைவிட அடிப்படையான கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

சுமார் 130 கோடி ஆண்டுகளுக்கு முன் உடைந்த குடும்பம் என்பதில் பெரிய தகராறு இல்லை. துண்டுகள் வெயிலின் தள்ளலில் மெல்ல நகர்ந்து பரவியதும், 3.03 அலகில் வியாழனின் 9:4 ஒத்ததிர்வைத் தாண்டியவை குறைந்துபோனதும் படமாகவே தெரிகின்றன. 1980-களில் அகச்சிவப்பு விண்கலம் ஐராஸ் கண்ட தூசிப் பட்டைகளில் ஒன்றை முதலில் இயோஸ் கணக்கில்தான் எழுதினார்கள். பின்னால் அது 83 லட்சம் ஆண்டு வயதுள்ள வெரிடாஸ் குடும்பத்துக்கு மாறியது. பாவம், இருந்த ஒரு பெருமையும் போயிற்று.

பயணச் செலவு

சூரிய ஒளியில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை: கொரோனிஸில் பூமியில் கிடைப்பதில் எட்டில் ஒரு பங்கு, இயோஸில் ஒன்பதில் ஒன்று, தெமிஸில் பத்தில் ஒன்று. சாய்வில்தான் இயோஸ் அடிவாங்குகிறது. மற்ற இரண்டின் பாதையும் பூமியின் பாதைத் தளத்துக்கு ஒரு பாகை அளவே சாய்ந்தவை; இயோஸுக்குக் கிட்டத்தட்ட 11 பாகை. அங்கே போய்க் கூடவே சுற்ற வேண்டுமானால், சாய்வை மாற்ற மட்டும் நொடிக்கு 3 கி.மீ.க்கு மேல் வேகம் செலவாகும். முடியாத காரியம் அல்ல. நாசாவின் டான் விண்கலம் போய்ச் சேர்ந்த, பட்டையின் மிகப் பெரிய உருவமான சீரிஸின் சாய்வும் ஏறக்குறைய இதேதான். ஆனால் அதற்கு அயனி இயந்திரமும் பல ஆண்டுப் பொறுமையும் வேண்டும்.

கடந்துபோவதற்கு இந்தச் செலவே இல்லை. இயோஸ் பூமியின் தளத்தை வெட்டும் இடத்தில் காத்திருந்து சந்தித்தால் போதும். தெமிஸ் குடும்பத்தின் தண்ணீர்க் கேள்விக்குத் தங்கிப் பார்க்க வேண்டும். இயோஸின் கேள்விக்கு வேகமாக ஒரு தடவை போனாலே பாதி விடை வந்துவிடும். அதனால் என் ஓட்டு இயோஸுக்கு.

முன்மாதிரியும் இருக்கிறது. 2010 ஜூலை 10 அன்று ஐரோப்பாவின் ரொசெட்டா விண்கலம், ஏறக்குறைய இயோஸ் அளவே உள்ள லுட்டீசியா என்ற சிறுகோளை நொடிக்கு 15 கி.மீ. வேகத்தில் கடந்தது. நிலா எதுவும் இல்லாமலே, கலத்தின் பாதை எவ்வளவு வளைந்தது என்பதை வைத்து எடையைக் கணித்தார்கள், அடர்த்தி தண்ணீரைப்போல் 3.4 மடங்கு. இயோஸிலும் இதைச் செய்யலாம். அதோடு ஒரு நல்ல அகச்சிவப்பு நிறமாலைமானி. தாய்ச் சிறுகோள் உருகிப் பிரிந்திருந்தால், உடைந்து மறுபடி குவிந்த இயோஸில் ஆழத்துக் கல்லும் மேலோட்டுக் கல்லும் கலந்து கிடக்கும். பள்ளத்துக்குப் பள்ளம் ஆலிவின் அளவு மாறும். உருகவே இல்லையென்றால் எந்தப் பள்ளத்தைப் பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கும். இயோஸ் தன்னைத்தானே சுற்ற சுமார் பத்தரை மணி நேரம். கலம் நெருங்கிவரும் கடைசி நாளிலேயே, வெயில் படும் பக்கம் முழுவதையும் இரண்டு தடவை பார்த்துவிடலாம்.