லத்தீன் சொல் சேர்க்க எந்த வழி: பிரெஞ்சா, அட்டையா, வாசிப்பா?

மொரீசியஸ் தமிழர் லத்தீன் தொடங்கும்போது பலரும் பிரெஞ்சை நம்பியே இறங்குகிறார்கள். தவறில்லை. நாட்டுச் சின்னத்தில் உள்ள வாசகத்தையே பாருங்கள்: 'ஸ்தெல்லா கிளாவிஸ்க்வே மாரிஸ் இந்திகி'. இந்துமாக்கடலின் விண்மீனும் திறவுகோலும் என்று பொருள். ஸ்தெல்லாவுக்கு எத்துவால், கிளாவிசுக்குக் கிளே, மாரேவுக்கு மேர். மொரீசியஸின் பேச்சுமொழியான கிரியோலில் லாக்லே, லாமேர் என்று தினமும் சொல்பவருக்கு இவை புதுச் சொற்களே அல்ல. நடுவில் ஒட்டிய 'க்வே' மட்டும் பிரெஞ்சில் இல்லை. அது நம் 'உம்'. தமிழில் இரண்டு சொல்லிலும் ஒட்டும், லத்தீனில் பின்னதில் மட்டும்.

இன்னொரு லாபமும் உண்டு. பிரெஞ்சுப் பெயர்ச்சொற்கள் பெரும்பாலும் லத்தீனின் இரண்டாம் வேற்றுமை வடிவிலிருந்து வந்தவை. பல் என்பது 'தென்ஸ்', இரண்டாம் வேற்றுமையில் 'தெந்தெம்', ஆறாம் வேற்றுமையில் 'தெந்திஸ்'. எங்கிருந்தோ முளைத்ததுபோல் தெரியும் அந்தத் 'த்', பிரெஞ்சில் வாயில் ஒலிக்காவிட்டாலும் எழுத்தில் அப்படியே நிற்கிறது.

ஆனால் சொல்லின் பாலை மட்டும் பிரெஞ்சை நம்பி எழுதாதீர்கள். பல் பிரெஞ்சில் பெண்பால், லத்தீனில் ஆண்பால். மரம் நேர்மாறு. கிரியோலில் சொற்களுக்குப் பாலே இல்லை, அதனால் அங்கும் துணை கிடைக்காது. பொருளும் நழுவும்: 'மெத்ர்' என்றால் வைத்தல், அதன் தாய்ச்சொல் 'மித்தேரே' அனுப்புதல்.

சொல்லை எழுதிவைத்துத் திருப்பிப் பார்க்கும் அட்டை இங்கேதான் கைகொடுக்கும். பெயர்ச்சொல்லுக்கு எழுவாய் வடிவம், ஆறாம் வேற்றுமை, பால் மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். நாளுக்கு 10 சொல் போதும். மறுநாள், 3 நாள், 7 நாள் கழித்துத் திருப்பினால், எட்டாம் நாளில் 30 பழைய அட்டை வரும். தினம் 30 சொல் எடுத்தவருக்கு அன்று 90 பழையது, 30 புதியது. பெரும்பாலும் அந்த வாரத்தோடு விட்டுவிடுவார்கள்.

வாசிப்பை மட்டும் நம்புவது தொடக்கத்தில் வீண் சிரமம். 'ரெகிபுஸ்' என்று கண்டால் அகராதியில் 'ரெக்ஸ்' (அரசன்) என்று தேடத் தெரிய வேண்டுமே! ஆனால் எனிம் (ஏனெனில்), அவுதெம் (ஆனால்) போன்ற சிறு சொற்களுக்கு வாசிப்பே வழி. பிரெஞ்சில் இவற்றுக்கு வாரிசு இல்லை. வாக்கியத்தின் முதலில் வராமல் இரண்டாம் இடத்தில் நிற்கும் இவற்றின் பழக்கத்தைத் தனிச்சொல் அட்டை காட்டாது. முழு வாக்கியத்தையே அட்டையில் எழுதுங்கள்.

வினைச்சொல்லின் அட்டையில் நான்கு வடிவம் எழுதுங்கள்: மித்தோ, மித்தேரே, மீசி, மிஸ்ஸும். பக்கத்தில் 'மிசியோன்' (ஒப்படைத்து அனுப்பும் பணி) என்ற பிரெஞ்சுச் சொல்லையும் எழுதிவையுங்கள். அனுப்புதல் என்ற பழைய பொருள் அதில் இன்னும் இருக்கிறது. 'வைத்தல்' குறுக்கே வராது.