அம்ருத்தா, புரூக்லாடியா?

கோத்தகிரியில் மழை விட்ட ஒரு சாயங்காலம், மச்சான் வீட்டில் இரண்டு சிங்கிள் மால்ட் விஸ்கி (ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியில் மட்டும் செய்தது) பாட்டில்களை அருகருகே வைத்து ருசி பார்த்தோம். இரண்டும் அவரவர் மண்ணில் விளைந்த பார்லியில் செய்தவை. ஒன்று பெங்களூரு அம்ருத் இந்தியன் சிங்கிள் மால்ட், 46 சதவீத ஆல்கஹால். மற்றது ஸ்காட்லாந்தின் ஐலா தீவிலிருந்து வரும் புரூக்லாடி ஐலா பார்லி, 50 சதவீதம். இரண்டிலும் பீட் புகை, அதாவது பார்லியை உலர்த்த எரிக்கும் சதுப்புநில மக்கின் புகை, கிடையாது. அதனால் தானியத்தின் ருசி மறைவதில்லை.

அம்ருத்துக்கு வட இந்தியாவில் விளையும் ஆறு வரிசைப் பார்லி, அதாவது கதிரில் மணிகள் ஆறு வரிசையாக இருக்கும் வகை. ஸ்காட்லாந்தின் இரு வரிசைப் பார்லியைவிட இதில் உமி அதிகம், மாவுச்சத்து குறைவு. மூக்கருகே கொண்டுபோனதுமே வெல்லப்பாகு வாசம், நாக்கில் மிளகுக் காரம். பெங்களூரு வெப்பத்தில் பீப்பாயிலிருந்து வருஷத்துக்குச் சுமார் 10 சதவீதம் ஆவியாகிவிடும். ஸ்காட்லாந்தில் 2 சதவீதம்தான். நாலைந்து வருஷத்திலேயே பீப்பாய் மரத்தின் குணம் இவ்வளவு இறங்குவது அந்த வெப்பத்தால்தான்.

புரூக்லாடி கோத்தகிரிக் குளிரில் முதலில் வாயே திறக்கவில்லை. கோப்பையை உள்ளங்கையில் ஐந்து நிமிஷம் பொத்தி வைத்து, நாலு சொட்டுத் தண்ணீர் விட்டேன். அப்புறம் பாருங்கள்: ஈர வைக்கோல், தேன், வறுத்த தானியம், கடைசியில் மெல்லிய உப்பு!

தானியம் தெரிய வேண்டுமென்றால் புரூக்லாடி. மலைக்குளிருக்கு அம்ருத். என் மனசு அன்றைக்கு அம்ருத் பக்கம்தான் சாய்ந்தது.

படகர்கள் ஒரு காலத்தில் இந்த நீலகிரியிலேயே பார்லி விளைவித்தார்கள். இன்று சரிவெல்லாம் தேயிலை. அந்தப் பார்லியில் ஒரு பாட்டில் வந்தால் வரிசையில் முதல் ஆளாக நிற்பேன்.