"ரிப்பன் பாண்டிங்" என்று சொல்லி டிவியைத் தூக்கிப் போகிறவர்களிடம் கவனம்

மதுரையில் இருக்கும் என் அத்தையின் 43 இஞ்ச் டிவியைச் சரிசெய்து தருகிறோம் என்று எடுத்துப் போன ஒரு சர்வீஸ் கடை, 5,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, சொன்ன வேலையைச் செய்யவே இல்லை. போதாததற்கு நன்றாக இருந்த பேனலையும் (படம் தெரியும் திரை) கெடுத்துத் திருப்பித் தந்திருக்கிறது. இன்னும் எத்தனை வீடுகளில் இது நடக்கிறதோ தெரியாது. அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

கோளாறு இதுதான். படத்தின் இடது பாதி திடீரென்று கறுத்துவிடும், வலது பாதி ஒழுங்காக ஓடும். பின்பக்கம் லேசாகத் தட்டினால் சில நேரம் முழுப் படமும் வந்துவிடும். அத்தை டிவி கம்பெனியின் பெயரோடு சர்வீஸ் சென்டர் என்று போனில் தேடி, முதலில் வந்த எண்ணுக்கு அழைத்திருக்கிறார். அது கம்பெனியின் சென்டர் இல்லை. கம்பெனியின் லோகோவைப் போட்டு விளம்பரம் கொடுத்திருந்த ஒரு தனிக் கடை. வந்தவர் பின்மூடியைக்கூடக் கழற்றவில்லை. "ரிப்பன் போயிருச்சும்மா, பேனல்ல பாண்டிங் பண்ணணும், கடையில மெஷின்லதான் செய்ய முடியும்" என்று சொல்லி, 2,000 ரூபாய் முன்பணத்தோடு டிவியையும் எடுத்துப் போய்விட்டார்.

இந்த இடத்தைத்தான் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். டிவிக்குள் இரண்டு விதமான ரிப்பன்கள் உண்டு. ஒன்று, போர்டுக்கும் போர்டுக்கும் இடையே போகிற தட்டையான வெள்ளை கேபிள். மெயின் போர்டிலிருந்து, படத்தைப் பேனலுக்குப் பிரித்து அனுப்பும் டி-கான் போர்டுக்கும், அங்கிருந்து பேனலின் ஓரத்தில் இருக்கும் நீளப் பட்டைப் போர்டுகளுக்கும் இது போகும். இரு முனையும் கனெக்டரில் செருகியிருக்கும், அவ்வளவுதான். லாக்கைத் திறந்தால் கையோடு வந்துவிடும். முனையில் கறுப்பு பிடித்திருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துத் திரும்பச் செருகலாம். கேபிளே போயிருந்தால் புதிது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்.

மற்றது சிஓஎஃப் (சிப் ஆன் பிலிம்). மெல்லிய பிலிம், நடுவில் சின்ன சிப் இருக்கும். ஒரு முனை பட்டைப் போர்டிலும், மறு முனை பேனலின் கண்ணாடியிலும் ஒட்டப்பட்டிருக்கும். மின்கடத்தும் நுண்துகள் கலந்த பசைப் படலத்தை நடுவில் வைத்து, சூடும் அழுத்தமும் கொடுத்து ஒட்டுகிறார்கள். இதைத்தான் பாண்டிங் என்கிறார்கள். அதன் கோடுகள் தலைமுடியை விட நெருக்கமானவை. சால்டரிங் அயர்ன் வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இதற்குத்தான் பாண்டிங் மெஷின் வேண்டும், மைக்ரோஸ்கோப் வேண்டும், அதே நம்பர் உள்ள சிஓஎஃப் வேண்டும். நல்ல கையில் கொடுத்தாலும் பேனல் போய்விடும் ஆபத்து உண்டு. நேர்மையாகத் தொழில் செய்கிறவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடுவார்கள்.

பாதிப் படம் மொத்தமாகக் கறுத்து, தட்டினால் திரும்ப வருகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது செருகு கேபிளை. ஒரே ஒரு சிஓஎஃப் போனால் பெரும்பாலும் மேலிருந்து கீழாக ஒரு பட்டையோ கோடோதான் கெடும். மூடியைக் கழற்றாமலே "பாண்டிங்" என்று சொன்னால் அது எங்கே போய் முடியும் என்று இப்போது புரிந்திருக்கும்.

டிவி திரும்பி வந்தது. மீதி 3,500 ரூபாயையும் வாங்கிக்கொண்டார்கள். பில் என்று கொடுத்தது ஒரு துண்டுச் சீட்டு, அதில் "பேனல் வேலை" என்று மட்டும் இருந்தது. மாதம் முடிவதற்குள் அதே பாதி கறுத்தது. கூடவே, முன்பு இல்லாத ஒரு பச்சைக் கோடு வலது பக்கம் வந்தது. போன் செய்தால், "நாங்க செஞ்சது நல்லாத்தான் இருக்கு, இது வேற கம்ப்ளெயின்ட், இப்ப பேனலே மாத்தணும், பதினாலாயிரம் ஆகும்" என்று பதில்.

அப்புறம்தான் அத்தை வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டேன். எங்கள் கண் முன்னாலேயே திறந்தார். டி-கான் போர்டிலிருந்து இடது பக்கம் போகிற கேபிளின் லாக் உடைந்திருந்தது. அதைத் திறக்காமலே இழுத்திருக்கிறார்கள். பிறகு கேபிளைச் செருகி, மேலே பஞ்சு வைத்து டேப் ஒட்டி அழுத்தியிருக்கிறார்கள். 5,500 ரூபாய் வேலை இதுதான். கண்ணாடி ஓரத்தில் இருந்த சிஓஎஃப் எதிலும் புதிதாக ஒட்டிய தடயம் இல்லை. ஆனால் வலது பக்கம் ஒன்று மட்டும் மடங்கி, ஓரத்தில் கிழிந்திருந்தது. பேனலைக் கழற்றும்போதோ தூக்கும்போதோ கை பட்டிருக்கிறது. பச்சைக் கோடு அங்கிருந்து வருகிறது.

அந்த அண்ணன் புதுக் கனெக்டரும் கேபிளும் போட்டு, கூலியோடு 900 ரூபாய் வாங்கினார். இடது பாதி இப்போது நன்றாக ஓடுகிறது. கோட்டைப் பற்றி, "இதுல பாண்டிங் முயற்சி பண்ணலாம், ஆனா இருக்கிறதும் போயிடலாம்க்கா, நான் கை வைக்கல" என்று நேராகச் சொன்னார். முதல் நாளே சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை. தனியாக இருக்கும் ஒரு பெண்ணிடம் என்ன சொன்னாலும் நடக்கும் என்று நினைத்திருக்கிறார்கள். அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

யாராவது டிவி பார்க்க வந்தால் உங்கள் முன்னால் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு கேபிளாக இருந்தால் மாற்றிப் போட்டுக் காட்டச் சொல்லலாம், கோளாறும் பக்கம் மாறினால் கெட்டது கேபிள்தான். பாண்டிங் என்றால் எந்த சிஓஎஃப், என்ன நம்பர் என்று எழுதி வாங்குங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் அந்த இடத்தைப் போட்டோ எடுத்துத் தரச் சொல்லுங்கள், கழற்றிய பழையதையும் கேளுங்கள். கடைக்கு எடுத்துப் போவதானால் பேனலில் ஏற்கெனவே கோடு, கீறல் எதுவும் இல்லை என்பதை ஓடும் நிலையில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி சர்வீஸ் எண்ணை வாரண்டி கார்டிலிருந்தோ கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்தோ எடுங்கள். நீங்களே திறந்து பார்க்க வேண்டாம், பவர் போர்டில் பெரிய கெப்பாசிட்டரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 400 வோல்ட் அளவுக்குத் தேங்கியிருக்கலாம்.

1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறோம். பணம் திரும்பவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். சம்பவம் நடந்து 2 ஆண்டுகளுக்குள் அங்கே புகார் கொடுக்கலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. துண்டுச் சீட்டு, பணம் அனுப்பிய ரசீது, கிழிந்த பிலிமின் போட்டோ எல்லாம் கையில் இருக்கிறது. அந்தக் கடையின் விளம்பரம் இப்போது வேறொரு போன் எண்ணோடு, அதே லோகோவோடு மறுபடி வந்துகொண்டிருக்கிறது. மதுரைப் பக்கம் இருக்கிறவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றைக்கே சொல்லி வையுங்கள்.