ளிர்காம், லைத், ஹம்ஸா: சிங்கத்தின் பெயரை மகனுக்குச் சூட்ட விரும்புவோருக்கு

சிங்கத்துக்கு அரபு மொழியில் உள்ள பெயர்கள் எண்ணி மாளாதவை. அலெப்போவில் அதன் ஆட்சியாளர் ஸைஃபுத் தவ்லாவின் ஆதரவில் வாழ்ந்து 980-இல் மறைந்த இலக்கண அறிஞர் இப்னு காலவைஹி, தாம் சிங்கத்துக்கு 500 பெயர்களும் பாம்புக்கு 200 பெயர்களும் திரட்டியிருப்பதாகச் சொன்னார் என்பது அரபு மொழியறிஞர்களிடையே புகழ்பெற்ற செய்தி. அந்த 500-இல் மிகப் பெரும்பாலானவை அகராதிகளோடு நின்றுவிட்டன. அஸத், அப்பாஸ், ஹம்ஸா, ஹைதர், உஸாமா, லைத், ளிர்காம், களன்ஃபர் போன்ற சிலவே ஆண்பிள்ளைகளின் பெயர்களாகின. அண்மைக் காலமாக, குழந்தை பிறந்ததற்காக ஆடு அறுத்து அகீகா கொடுக்கும் ஏழாம் நாளுக்குள் 'யாரும் வைக்காத பெயர்' ஒன்றைத் தேடும் இளம் பெற்றோர் கையில் எடுத்து வரும் பட்டியல்களில் ளிர்காம் தென்படுகிறது. பொருள் 'சீறும் சிங்கம்' என்றும், 'மிக அரிய பெயர்' என்றும் அதன் எதிரே எழுதியிருக்கும். இரண்டும் உண்மைதான். ஆனால் அதே சிங்கத்தைக் குறிக்கும் மற்றப் பெயர்களோடு அருகருகே வைத்துப் பார்க்காமல் அந்த இரண்டு உண்மைகளை மட்டும் நம்பி முடிவெடுப்பது போதாது என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் பொருள். தமிழிலும் சிங்கத்துக்கு அரிமா, மடங்கல், கோளரி, சீயம் எனப் பல சொற்கள் உண்டு. விலங்கு ஒன்றேயானாலும் ஒவ்வொரு சொல்லும் அதன் ஒரு குணத்தையோ, ஓர் ஓசையையோ, ஒரு காலத்தையோ சுமந்து நிற்கிறது. அரபியிலும் அப்படித்தான். அஸத் என்பது குழந்தையும் அறிந்த பொதுச்சொல். அப்பாஸ் என்பது முகஞ்சுளித்தலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. குர்ஆனின் 80-ஆம் அத்தியாயத்தின் முதற்சொல்லான 'அபஸ' அதே வேர்தான். கடுத்த முகத்தோடு நிற்கும் சிங்கம், பிற சிங்கங்களும் அஞ்சி ஒதுங்கும் சிங்கம் என்று அகராதிகள் அதற்கு விளக்கம் தருகின்றன. லைத் என்பதில் வலிமையே மேலோங்கி நிற்கிறது. ஈயைப் பாய்ந்து பிடிக்கும் ஒரு வகைச் சிலந்திக்கும் அரபியர் அதே பெயரை வைத்திருக்கிறார்கள் என்பது அந்தச் சொல்லில் பாய்ச்சலும் கலந்திருப்பதைக் காட்டுகிறது. ளிர்காம் நான்கு மெய்யெழுத்துகளை வேராகக் கொண்ட கனமான சொல்; தாக்குவதற்கு அஞ்சாத மூர்க்கமான சிங்கத்தையும், அதைப் போன்ற வீரனையும் குறிப்பது. கவிதையில் ஒலிக்கும்போது உறுமல் போலவே கேட்கும்.

ஹம்ஸாவின் பொருள்தான் பலரும் எண்ணுவது போல் அத்தனை நேரடியானது அன்று. அதன் வேரில் இருப்பது காரமும் உறைப்பும். நாவைச் சுள்ளென்று பிடிக்கும் ஒரு கீரைக்கும் ஹம்ஸா என்றே பெயர். அந்தக் கீரையைப் பறித்துக்கொண்டிருந்ததால்தான் நபித்தோழர் அனஸ் இப்னு மாலிக் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் 'அபூ ஹம்ஸா' என்ற சிறப்புப் பெயரைச் சூட்டினார்கள். சிங்கம் என்ற பொருளையும் அகராதிகள் தருகின்றன என்றாலும், இன்று ஹம்ஸா என்றதும் நம் நெஞ்சில் சிங்கம் எழுவதற்கு அகராதி காரணமன்று. 'அல்லாஹ்வின் சிங்கம்' எனப் போற்றப்பட்டு, 625-இல் உஹதுப் போரில் உயிர்நீத்த நபியின் சிறிய தந்தை ஹம்ஸா இப்னு அப்துல் முத்தலிப் (ரலி) அவர்களே காரணம். ஒரு பெயருக்கு அகராதி தரும் பொருள் ஒன்று, அதைத் தாங்கி வாழ்ந்தவர் தரும் பொருள் இன்னொன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

அந்த இரண்டாவது அளவுகோலில் ஹைதர், உஸாமா ஆகிய இரண்டும் உயர்ந்தே நிற்கின்றன. 628-இல் கைபர் போர்க்களத்தில், 'என் தாய் எனக்கு ஹைதரா எனப் பெயரிட்டாள்' என்று அலி (ரலி) அவர்கள் முழங்கிய அடி இன்றும் நினைவுகூரப்படுகிறது. அவர்களுடைய தாயாரின் தந்தை பெயர் அஸத். ஒரு சிங்கத்தின் பெயரை இன்னொரு சிங்கத்தின் பெயரால் அந்தத் தாய் மகனுக்கு வழங்கினார் என்று விளக்கம் சொல்வார்கள். உஸாமா என்றால், இருபது வயதை ஒட்டிய பருவத்திலேயே 632-இல் படைத்தலைவராக நியமிக்கப்பட்ட உஸாமா இப்னு ஸைத் (ரலி) நினைவுக்கு வர வேண்டும். சிரியாவின் ஷைஸர் கோட்டையில் பிறந்த உஸாமா இப்னு முன்கித் (1095–1188) சிங்க வேட்டைகளைத் தம் நினைவுக்குறிப்புகளில் எழுதி வைத்த வீரர், அறிஞர். இத்தனை சிறப்பிருந்தும், 2001-க்குப் பிறகு விமான நிலையங்களையும் வெளிநாட்டுப் பள்ளிகளையும் எண்ணிப் பெற்றோர் பலர் அந்தப் பெயரைத் தயங்கித் தவிர்க்கிறார்கள். அந்தப் பெயர் செய்த குற்றம் எதுவும் இல்லை. அந்தத் தயக்கம் எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

ளிர்காமைத் தாங்கியவர்களில் வரலாறு நன்கு அறிந்தவர், எகிப்தின் ஃபாத்திமியர் ஆட்சியின் இறுதிக் காலத்தில் 1163-இல் ஷாவர் என்ற அமைச்சரை வீழ்த்தித் தாமே அமைச்சரான ளிர்காம். வீழ்ந்த ஷாவர் டமாஸ்கஸுக்குச் சென்று அதன் ஆட்சியாளர் நூருத்தீனின் உதவியை நாட, அங்கிருந்து படையோடு புறப்பட்டு வந்தவர் ஸலாஹுத்தீனின் சிறிய தந்தை ஷீர்கூஹ். 1164-இல் ளிர்காம் கொல்லப்பட்டார். ஷீர்கூஹ் என்ற பாரசீகப் பெயருக்கு 'மலைச் சிங்கம்' என்று பொருள். பெயரளவில் அது சிங்கத்தைச் சிங்கம் வென்ற கதை. துணிவு மிக்கவராயினும், மகனுக்கு முன்மாதிரியாக எடுத்துச் சொல்லத்தக்க வாழ்வு அவருடையது அன்று. இதோடு ஒப்பிட, லைத் என்ற பெயருக்குப் பின்னால் 791-இல் மறைந்த எகிப்தின் மாபெரும் சட்ட அறிஞர் லைத் இப்னு ஸஅத் இருக்கிறார். வீரத்தைக் குறிக்கும் பெயர் அறிவாலும் ஈகையாலும் நினைக்கப்படுவது அரிது. அந்தப் பேறு லைதுக்கு வாய்த்திருக்கிறது.

புழக்கத்தைப் பொறுத்தவரை, ஹம்ஸா மொராக்கோ முதல் பாகிஸ்தான் வரை பரவிய பெயர். மலபாரில் அது மிகச் சாதாரணமாகக் காதில் விழும். லைத் ஈராக்கிலும் ஜோர்தானிலும் பாலஸ்தீனத்திலும் நன்கு வழங்குவது, நம்மிடையே குறைவு. ளிர்காம் ஈராக்கில் உயிரோடிருக்கிறது. அங்கே முதலெழுத்தை உகரமாக்கி 'ளுர்காம்' என்பார்கள், அந்நாட்டுத் தேசியக் கால்பந்து அணியில் ஆடிய ளுர்காம் இஸ்மாயில் அதற்கு எடுத்துக்காட்டு. பாரசீகமும் உருதும் வழங்கும் இடங்களில் அதே பெயர் 'ஸர்காம்' ஆகிவிடுகிறது. அரிய பெயர் என்று சொல்லும்போது எந்த ஊரில் அரியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அமெரிக்க அரசின் பெயர்ப் பட்டியலில் ஓர் ஆண்டில் குறைந்தது 5 குழந்தைகளுக்குச் சூட்டப்பட்ட பெயர்களே இடம்பெறுகின்றன. அத்தகைய பட்டியலில் ஒரு பெயர் காணப்படாததால் அது உலகிலேயே இல்லை என்றாகாது.

தமிழ் பேசும் வீட்டுக்கு இந்த ஒப்பீட்டில் மிகுந்த முக்கியத்துவம் உடையது எழுத்தும் ஒலிப்பும்தான் என்று நான் கருதுகிறேன். ளிர்காமின் முதலெழுத்தான 'ளாத்' அரபிக்கே உரியது என அரபியர் பெருமைகொள்ளும் ஒலி. அதைத் தமிழில் எழுதுவதில் நமக்குள் இன்னும் உடன்பாடில்லை: நபித்தோழர் பெயருக்குப் பின் இடும் ஒரே வாழ்த்துச் சொல்லை ஒருவர் ரலி என்றும், இன்னொருவர் ரளி என்றும், வேறொருவர் ரழி என்றும் எழுதுகிறோம். சொல்லின் இடையிலோ இறுதியிலோ வரும்போதாவது சமாளித்துவிடலாம். தமிழ் மரபில் ளகரமும் ழகரமும் சொல்லுக்கு முதலில் வருவதில்லை என்பதால், இந்தப் பெயர் வாசலிலேயே தடுக்கி விழுகிறது. ஆங்கில எழுத்துகளைப் பார்த்துப் படிக்கும் ஆசிரியர் 'திர்காம்' என்பார். நாலு முறை வேகமாகக் கூப்பிட்டால் அது 'திருகாம்' ஆகிவிடும். பெயரின் நடுவில் வரும் 'கைன்' என்ற அரபு எழுத்தையும் ககரமாகவே சொல்வோம் என்பதால், அந்தச் சொல்லின் உறுமலில் பாதி நம் நாவில் கரைந்துபோகிறது.

மற்றவை முழுவதும் தப்பிவிடுகின்றன என்று சொல்ல மாட்டேன். ஹம்ஸாவைத் தமிழில் எழுதினால் அன்னப்பறவையின் பெயரோடு இழைந்துவிடுகிறது. அஸத் என்று சிங்கத்தையும், அஸ்அத் என்று மிகுந்த நற்பேறுடையவனையும் குறிக்கும் இரு வேறு பெயர்கள் ஆங்கில எழுத்தில் ஒன்றாகிவிடுகின்றன. லைதின் இறுதி எழுத்து, உதுமான், உஸ்மான் என்று நாம் இருவகையாகவும் சொல்லும் பெயரில் உள்ள அதே எழுத்து; ஆகவே லைத் என்றும் லைஸ் என்றும் எழுதுவோர் இருப்பர். ஆயினும் ஓரசைப் பெயர், முதலெழுத்து நம் நாவுக்குப் பழகியது, பாட்டி 'லைத்து' என்று கூப்பிட்டாலும் பெயர் சிதையாது.

ஈராக்கில் வாழும் குடும்பமாயின் ளிர்காமைத் தயங்காமல் சூட்டலாம் என்பேன். அங்கே அதை முழுமையாகச் சொல்லும் வாய்கள் உண்டு. முன்னோரின் நினைவே பெரிதென்பவர்கள் ஹம்ஸாவை வைக்கட்டும், ஒரே வகுப்பில் மூன்று ஹம்ஸாக்கள் இருந்தாலும் அந்தப் பெயருக்கு ஒரு குறையும் வந்துவிடாது. சிங்கமும் வேண்டும், தெருவில் கூப்பிட்டால் தம் பிள்ளை மட்டுமே திரும்பிப் பார்க்கவும் வேண்டும் என்கிற தமிழ்ப் பெற்றோருக்கு நான் பரிந்துரைப்பது லைத். பிறப்புச் சான்றிதழுக்குக் கொடுக்குமுன் தகரத்தோடு 'லைத்' என்றும், ஆங்கிலத்தில் எல், ஏ, ஐ, டி, எச் என்ற ஐந்து எழுத்துகளாகவும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், பதிவேட்டில் ஏறுவது அதுவேதானா என்று நின்று பார்த்துவிட்டு வர வேண்டும்.