விலா எலும்பில் மூன்று புள்ளிகள்: மதுரையில் ஓர் எலும்பு ஸ்கேன் மையத்தில் நாங்கள் கண்டது

என் அம்மாவுக்கு வயது 61. இடது மார்பகத்தில் புற்றுநோய் வந்து, அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு மூன்றும் முடிந்து இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. இப்போது நாள்தோறும், பெண் ஹார்மோனைக் குறைக்கும் லெட்ரோசோல் மாத்திரை ஒன்று மட்டும் எடுத்துக்கொள்கிறார். சென்ற ஆகஸ்டில் வழக்கமான ரத்தப் பரிசோதனையில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி லிட்டருக்கு 168 யூனிட் என்று வந்தது. அந்தப் பரிசோதனைக் கூடம் தரும் மேல் எல்லை 120; அதற்கு ஆறு மாதம் முன்பு அதே கூடத்தில் அம்மாவுக்கு 94தான் இருந்தது. மார்பகப் புற்றுநோய் பரவினால் அது முதலில் குடியேறும் இடங்களில் எலும்பு ஒன்று என்பதால், மருத்துவர் மறு பரிசோதனையும் எலும்பு ஸ்கேனும் எழுதிக்கொடுத்தார். அந்த இரண்டையும் செய்துகொண்ட அனுபவத்தையே இங்கே எழுதுகிறேன். குறை சொல்லவும் இருப்பதால் மையத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். எந்த ஊரில் எந்த மையத்துக்குப் போகிறவர்களுக்கும் இதில் பயன்படுவது இருக்கும் என்று நம்புகிறேன்.

முதலில் ரத்தப் பரிசோதனைக் கூடம். இதைப் பற்றிச் சொல்ல எனக்கு நல்லது மட்டுமே இருக்கிறது. காலையில் வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். கொழுப்பு மிகுந்த உணவுக்குப் பிறகு சிலருக்கு, குறிப்பாக ஓ, பி ரத்த வகையினருக்கு, குடலிலிருந்து வரும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் சற்றுக் கூடிவிடும் என்று ரத்தம் எடுத்த பெண்ணே விளக்கினார். மருத்துவர் எழுதிய பட்டியலில் லாக்டேட் டீஹைட்ரஜனேஸ் என்ற இன்னொரு நொதியும் இருந்தது. மதியம் ஒரு மணிக்குத் தொலைபேசியில் அழைத்து, குழாயில் சிவப்பணுக்கள் உடைந்திருப்பதால் அந்த ஓர் அளவை மட்டும் நம்ப முடியாது என்றும், கட்டணம் இல்லாமல் மறுபடி ரத்தம் எடுத்துத் தருவதாகவும் சொன்னார்கள். சிவப்பணுவுக்குள் அந்த நொதி ஏராளமாக இருக்கிறது. மாதிரியைக் குலுக்கினாலோ, ஊசியில் வேகமாக இழுத்தாலோ அணுக்கள் உடைந்து, உடம்பில் ஒன்றுமே இல்லாதபோதும் எண் எகிறிவிடும். அப்படிப்பட்ட எண்ணை அச்சடித்துக் கொடுத்திருந்தால் எங்களுக்கு எதுவும் தெரிந்திருக்காது. மறுநாள் எடுத்த மாதிரியில் அது இயல்பான அளவுக்குள்ளேயே இருந்தது.

ஆனால் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் இரண்டாம் முறையும் 165 என்றே வந்தது. இந்த நொதி முக்கியமாக இரண்டு இடங்களிலிருந்து ரத்தத்துக்கு வருகிறது: கல்லீரலும் பித்தக் குழாய்களும் ஒன்று, எலும்பைக் கட்டும் செல்கள் மற்றொன்று. பித்தப்பைக் கல் குழாயை அடைத்தாலும் ஏறும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் நஞ்சுக்கொடியிலிருந்தும் ஏறும். வளரும் பிள்ளைகளுக்கு எப்போதுமே பெரியவர்களைவிட அதிகமாக இருக்கும். கல்லீரலா எலும்பா என்று பிரித்தறிய மருத்துவர்கள் காமா ஜிடி என்ற வேறொரு நொதியைப் பார்க்கிறார்கள். அது கல்லீரல், பித்தக் கோளாறுகளில் கூடும், எலும்புக் கோளாறில் கூடாது. அம்மாவுக்கு அது 22, முற்றிலும் இயல்பு. ஆக, கூடுதலாக வந்த நொதி எலும்பிலிருந்து வருகிறது என்பது ஏறக்குறைய உறுதியாயிற்று. எலும்பில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் அந்த எண் சொல்லாது.

இந்தக் கட்டத்தில்தான் உறவினர் பலரும், 'ஒரேயடியாக பெட் ஸ்கேன் எடுத்துவிடுங்கள்' என்று வற்புறுத்தினார்கள். நாங்கள் போன மையத்தில் எலும்பு ஸ்கேனுக்கு 4,500 ரூபாய். பெட் ஸ்கேனுக்கு அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். பணம் மட்டுமே காரணமாக இருந்திருந்தால் கடன் வாங்கியாவது எடுத்திருப்போம். மருத்துவர் வேண்டாம் என்றதற்குக் காரணம் வேறு. பெட் ஸ்கேனில் செலுத்துவது கதிரியக்கம் ஏற்றிய ஒருவகைச் சர்க்கரை. அதைப் புற்றுநோய் செல்கள் மட்டுமல்லாமல், கிருமித் தொற்றும், பழைய காசநோய் தங்கிய நிணநீர்க் கணுக்களும் இழுத்துக்கொள்ளும். காசநோய் இவ்வளவு பரவலாக உள்ள நம் நாட்டில், கேள்வி எலும்பைப் பற்றியதாக இருக்கும்போது உடம்பு முழுவதும் புதிய சந்தேகங்களைத் தேடிப் போக வேண்டியதில்லை என்பது அவருடைய கருத்து. தொந்தரவு எதுவும் இல்லாத ஆரம்பநிலை மார்பகப் புற்றுநோயாளிகளுக்குப் பழக்கத்துக்காக இத்தகைய ஸ்கேன்களை எழுதக் கூடாது என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களின் சங்கமே 2012இல் அறிவித்திருக்கிறது. அந்த மையத்தின் வரவேற்பு மேசையில் 'புற்றுநோய் முழுப் பரிசோதனைத் தொகுப்பு' என்ற விளம்பர அட்டையைப் பார்த்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது.

ஸ்கேன் அன்று காலை ஒன்பதரை மணிக்குப் போனோம். இந்த மையத்தின் பலம் அதன் தொழில்நுட்பப் பணியாளர்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதிச் சான்று நுழைவாயிலிலேயே கண்ணில் படும்படி மாட்டப்பட்டிருந்தது. அறுவை சிகிச்சை நடந்த இடது பக்கத்துக் கையில் ஊசி வேண்டாம் என்று நாங்கள் வாய் திறப்பதற்கு முன்பே, ஊசி போட வந்த இளைஞர், "எந்தப் பக்கம் ஆபரேஷன் பண்ணாங்க அம்மா?" என்று கேட்டுவிட்டு வலது முழங்கை மடிப்பில் போட்டார். போட்டதும், எந்தக் கையில், எந்த இடத்தில் என்பதைப் படிவத்தில் குறித்துக்கொண்டார். ஏன் என்று கேட்டேன். மருந்து ரத்தக்குழாய்க்கு வெளியே சிறிது கசிந்தாலும் அது நிணநீர் வழியாக அக்குளுக்குப் போய் அங்கே ஒரு புள்ளியாகத் தெரியும், ஊசி போட்ட பக்கம் தெரியாவிட்டால் படம் பார்ப்பவர் அதை நோய் என்று நினைத்துவிட வாய்ப்பு உண்டு என்றார். இவ்வளவு பொறுப்பாக வேலை செய்கிறவர்களைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

செலுத்திய மருந்து டெக்னீசியம் 99 எம் என்ற கதிரியக்கப் பொருள் ஏற்றப்பட்ட ஒரு பாஸ்பேட் சேர்மம். எலும்பு எங்கே புதிதாகக் கட்டப்படுகிறதோ அங்கே இது அதிகமாகப் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டுவதற்கு இரண்டு, மூன்று மணி நேரம் பிடிக்கும் என்பதால் அதுவரை காத்திருக்க வேண்டும். ஒட்டாத மருந்து சிறுநீரில் வெளியேற வேண்டும் என்பதால் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். ஊசி போட்டவர்கள் காத்திருக்கத் தனி அறை, அவர்களுக்கென்று தனிக் கழிப்பறை, இரண்டும் சுத்தமாக இருந்தன. தண்ணீர் மட்டும் நாங்களே கீழே போய் வாங்கி வர வேண்டியிருந்தது. தண்ணீர் குடிப்பதையே சிகிச்சைபோல வலியுறுத்தும் இடத்தில் ஒரு குடிநீர்க் கருவி வைக்கலாம். அந்தப் பொருளின் அரை ஆயுள் ஆறு மணி நேரம் என்பதால் ஒரு நாளில் அதன் கதிரியக்கம் பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அன்று மட்டும் பேரக் குழந்தையைத் தூக்க வேண்டாம் என்று அம்மாவிடம் கனிவாகச் சொல்லி அனுப்பினார்கள்.

உள்ளே விடுவதற்கு முன் துணைக்கு வந்தவர்கள் அமரும் கூடத்தில், புராஸ்டேட் புற்றுநோய்க்காகத் தன் அண்ணனை அழைத்து வந்திருந்த ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். நோயின் போக்கை அறிய அவர்கள் ரத்தத்தில் பார்த்துவரும் பிஎஸ்ஏ என்பதும் புராஸ்டேட் சுரப்பியிலிருந்து வரும் ஒரு நொதிதான். பிஎஸ்ஏ வருவதற்கு முன்பு அந்த இடத்தில் ஆசிட் பாஸ்பட்டேஸ் என்ற நொதி இருந்தது. எலும்புக்குப் பரவிய புராஸ்டேட் புற்றுநோயில் அது ரத்தத்தில் உயர்வதை 1938இல் அலெக்சாண்டர் குட்மன், எத்தல் குட்மன் இருவரும் கண்டார்கள். 1941இல் சார்லஸ் ஹக்கின்ஸ் அதே நொதியின் ஏற்ற இறக்கத்தை அளவுகோலாகக் கொண்டே ஆண் ஹார்மோனைத் தடுத்தால் அந்த நோய் தணிகிறது என்று காட்டினார். அவருக்கு 1966இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு குழாய் ரத்தத்தில் உள்ள நொதி நோயின் போக்கைச் சொல்லும் என்ற நம்பிக்கைக்கு இத்தனை நீண்ட வரலாறு உண்டு என்பது அந்தக் காத்திருப்பு நேரத்தில் எனக்கு ஆறுதலாக இருந்தது.

இனி என் குறை. படம் எடுத்தது சனிக்கிழமை மதியம். அன்று இரவு 7.40க்கு வாட்ஸ்அப்பில் அறிக்கை வந்தது. வலப்பக்க விலா எலும்புகளில் மூன்று இடங்களில் மருந்து அதிகமாகப் படிந்திருப்பதாகவும், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் உயர்ந்திருப்பதையும் சேர்த்துப் பார்க்கும்போது எலும்புப் பரவலாக இருக்க வாய்ப்பு அதிகம் என்றும் அதில் எழுதியிருந்தது. படங்கள் இல்லை, பேசுவதற்கு ஓர் எண் இல்லை. மறுநாள் ஞாயிறு. அம்மா அன்று சாப்பிடவில்லை. நகைப் பெட்டியை எடுத்து வைத்து, எது யாருக்கு என்று என் தங்கையிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

திங்கள் காலை மருத்துவரிடம் ஸ்கேன் படங்கள் அடங்கிய குறுந்தகட்டைக் கொடுத்தோம். அவர் அறிக்கையைப் படிக்கவே இல்லை. படத்தைத் திரையில் பெரிதாக்கி, பேனா முனையால் மூன்று புள்ளிகளையும் மேலிருந்து கீழாகத் தொட்டுக் காட்டினார். அடுத்தடுத்த மூன்று விலா எலும்புகளில், ஒன்றன்கீழ் ஒன்றாக, கோடு போட்டதுபோல் அவை நின்றன. "எங்கேயாவது விழுந்தீங்களாம்மா?" என்று கேட்டார்.

"துவைக்கிற கல்லு மேல வழுக்கி விழுந்தேன் ஐயா, ஆடி மாசம். அதைப் போய் எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்" என்றார் அம்மா.

புற்றுநோய் விலா எலும்பில் பரவினால் பெரும்பாலும் அந்த எலும்பின் நீளவாக்கிலேயே படரும் என்றும், அடிபட்டால்தான் அடுத்தடுத்த எலும்புகள் ஒரே கோட்டில் விரிசல் விடும் என்றும் அவர் விளக்கினார். அந்த இடத்துக்கு மட்டும் சிடி எடுத்ததில் ஏழு, எட்டு, ஒன்பதாம் விலா எலும்புகளில் ஆறிவரும் முறிவுகள் தெரிந்தன. எலும்பு அரிக்கப்பட்டதற்கான அறிகுறி எதுவும் இல்லை. வைட்டமின் டி பார்த்ததில் அதுவும் மிகக் குறைவாக இருந்தது. லெட்ரோசோல் எலும்பை மெலியச் செய்யும் மாத்திரை. அதோடு வைட்டமின் டி குறைவும் சேர்ந்திருந்ததால் ஒரு சாதாரண விழுகையிலேயே மூன்று எலும்புகள் விரிசல் விட்டிருக்கின்றன.

மையத்தின் அறிக்கை தவறிய இடம் இதுதான். ஸ்கேன் படத்தில் தெரிவது புற்றுநோய் அல்ல. எலும்பு தன்னைச் சரிசெய்துகொள்ளும் முயற்சியே அங்கே தெரிகிறது. நொதியை ரத்தத்தில் விடுபவையும் அந்தச் சரிசெய்யும் வேலையைச் செய்கிற அதே செல்கள்தாம். முறிவு ஆறும்போதும் இரண்டும் கூடும், முழங்கால் தேய்மானத்தில் ஸ்கேன் ஒளிரும், நோய் பரவினாலும் இரண்டும் கூடும். அப்படியிருக்க, நொதி உயர்ந்ததை ஒரு சாட்சியாகவும் படத்தின் புள்ளிகளை மற்றொரு சாட்சியாகவும் எண்ணி, இரண்டும் ஒத்துப்போகின்றன என்பதால் பரவல்தான் என்று முடிவுக்கு வருவது ஒரே சாட்சியின் வாக்கை இரண்டு முறை எண்ணுவதாகும். சிகிச்சை நன்றாக வேலை செய்யும் முதல் மாதங்களில்கூட எலும்பு ஆறுவதால் இவை இரண்டும் தற்காலிகமாக ஏறிக் காட்டுவது உண்டு. எதிர்த்திசையிலும் ஏமாறலாம்: எலும்பை அரிக்க மட்டும் செய்து, கட்டும் வேலையைத் தூண்டாத மைலோமா (எலும்பு மஜ்ஜையில் வரும் ஒரு புற்றுநோய்) போன்ற நோய்களில் எலும்பு ஸ்கேன் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடக்கூடும். உண்மையில் வேறான சாட்சி, நோயாளியின் வாயிலிருந்து வர வேண்டிய ஒரு வாக்கியம். 'சமீபத்தில் அடிபட்டதா, விழுந்தீர்களா, எந்த மூட்டில் வலி' என்ற கேள்வி அந்த மையத்தின் நான்கு பக்கப் படிவத்தில் எங்கும் இல்லை. ஊசி போட்ட கையைக் குறித்துவைக்கும் அளவுக்குக் கவனமான இடத்தில் இந்தக் கேள்வி விடுபட்டதுதான் எனக்கு மனத்தாங்கல்.

சிடி முடிவோடு மையத்துக்கு எழுதினேன். இரண்டு நாளில் திருத்திய அறிக்கை வந்தது, அதற்கு நன்றி. படத்தைப் பார்த்து எழுதிய மருத்துவர் தாமே தொலைபேசியில் பேசி, வரலாறு தெரிந்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன் என்று ஒப்புக்கொண்டார். சனிக்கிழமை இரவில் அப்படியொரு வரியை வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பு போதும் என்று அவரிடம் சொன்னேன். படிவத்தை மாற்றச் சொல்வதாகச் சொன்னார்.

மறுபடியும் அங்கே போவேனா என்றால், போவேன்: கருவியும் பணியாளர்களும் நல்ல தரம். ஆனால் வெறுங்கையோடு போக மாட்டேன். விழுந்தது, அடிபட்டது, பல் பிடுங்கியது, மூட்டு வலி, கதிர்வீச்சு கொடுத்த இடம், சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் தேதியோடு ஒரு தாளில் எழுதி, பழைய குறுந்தகடுகளோடு சேர்த்துக் கொடுப்பேன். படம் பார்க்கும் மருத்துவரின் மேசைக்கு அது போகிறதா என்று கேட்டு உறுதி செய்துகொள்வேன். ரத்தப் பரிசோதனைக்கு எப்போதும் அதே கூடத்துக்குத்தான் போவோம். கூடத்துக்குக் கூடம் முறையும் எல்லையும் மாறுவதால், வேறிடத்தில் வாங்கிய எண்ணைப் பழைய எண்ணோடு ஒப்பிட முடியாது.

டிசம்பர் கடைசியில் அதே கூடத்தில் பார்த்தபோது ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் 112. மருத்துவர் வைட்டமின் டியைத் தொடரச் சொல்லி, எலும்பு அடர்த்தியைப் பார்க்க எழுதிக்கொடுத்தார். ஸ்கேன் எதுவும் எழுதவில்லை. கொல்லையிலிருந்த துவைக்கும் கல்லைத் தம்பி பெயர்த்து எடுத்துவிட்டான். அந்த இடத்தில் சொரசொரப்பான சிமெண்ட் தளம் போட்டு, சுவரில் ஒரு கைப்பிடியும் வைத்திருக்கிறோம்.